கிராண்ட்ஸ்டாண்டுக்கு மேடை என்று பெயர் வைக்காதீர்கள்

பாரிஸின் லாங்ஷாம்ப் குதிரைப் பந்தயத் திடலில் எழுந்த புதிய கட்டடத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘நவீன பிரம்மாண்ட மேடை’ என்றே எழுதுகிறார்கள். அடுத்த வரியிலேயே ‘மேடையில் இருந்தபடி ரசிகர்கள் பந்தயத்தைக் கண்டு களித்தனர்’ என்று வருகிறது. மேடையில் ஆடுகிறவர், பாடுகிறவர், பேசுகிறவர் இருப்பார். பார்க்க வந்தவர் எதிரே கீழே இருப்பார். தமிழ் தெரிந்த சிறுபிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு இது. பார்வையாளர்கள் இருந்து பந்தயம் பார்க்கும் கட்டடத்தைக் குறிக்கும் கிராண்ட்ஸ்டாண்ட் என்ற சொல்லைப் பெயர்க்கப் போய் இந்த ஒழுங்கையே தலைகீழாக்கிவிட்டார்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். கட்டுரைக்குக் கட்டுரை இதே வருவதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் கதை சிறியது. ஸ்டாண்ட் என்றால் நிற்பது. அப்புறம் நின்று பார்க்கும் இடம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பந்தயத் திடல் ஓரங்களில் இப்படிப் பார்க்க வசதியான இடங்களை அமைத்தார்கள். அவற்றுள் தலைமையானது கிராண்ட் ஸ்டாண்ட். யார்க் நகரத்தின் நேவ்ஸ்மயர் திடலில் கட்டடக் கலைஞர் ஜான் கார் 1750களில் கட்டியது இந்த வகைக் கட்டடத்துக்கு முன்னோடி. பிரெஞ்சுக்காரர்கள் இதையே திரிபூன் என்கிறார்கள். ரோமானிய நீதிபதி அமர்ந்த உயரமான இடத்தைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது அது. பிரெஞ்சில் பேச்சாளர் ஏறும் மேடைக்கும் அதே சொல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொள்கிறவர்கள் இங்கேயும் மேடையில்தான் போய் முட்டுகிறார்கள்.

‘கிராண்ட்’ என்பதற்குப் பிரம்மாண்டம் என்ற பொருள் இங்கே இல்லவே இல்லை. பலவற்றுள் முதன்மையானது என்பதுதான் பொருள். தலைநகர், தலைவாசல் என்று நாம் ‘தலை’யை வைத்துச் சொல்கிறோமே, அதே பொருள். யார்க்கில் ஜான் கார் கட்டியது இன்றைய கண்ணுக்குச் சின்னக் கட்டடம்தான். அதைப் பிரம்மாண்டம் என்றால் அதைப் பார்த்த யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தமிழில் எதற்கெடுத்தாலும் பிரம்மாண்டம் போடும் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது.

சரி, மேடைக்கு வருவோம். அதை ஆதரிக்கிறவர்களிடம் ஒரு வாதம் உண்டு: மேடு என்பதிலிருந்து வந்தது மேடை, உயர்ந்த தளம் எதுவானாலும் மேடைதான், ரயில் நிலையத்து நடைமேடையில் யார் ஆடுகிறார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடைமேடை, மணமேடை எதுவானாலும் தளம் ஒரே மட்டமாக இருக்கும். கிராண்ட்ஸ்டாண்டின் உயிரே அது மட்டமாக இல்லாததில் இருக்கிறது. முன்வரிசைக்காரரின் தலைக்கு மேல் பின்வரிசைக்காரரின் பார்வை போக வேண்டும். அதற்குத்தான் படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படியின் உயரத்தையும் பார்வைக்கோட்டை வரைந்து, கணக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆஸ்கட் திடலே சாட்சி. ஆன் அரசி 1711இல் தொடங்கிய திடல் அது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, 2005ஆம் ஆண்டின் ராயல் ஆஸ்கட் பந்தயங்களை யார்க்குக்கு அனுப்பிவிட்டு, புதிதாகக் கட்டி 2006 ஜூனில் திறந்தார்கள். உள்ளே நெடுக ஓடும் கூடம், மரங்கள்போல் கிளை விரித்துக் கூரையைத் தாங்கும் தூண்கள் என்று பார்க்க அழகான கட்டடம். ஆனால் கீழ்ப்படிகளில் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகும் தொப்பியும்தான் தெரிந்தன, குதிரை தெரியவில்லை. புகார் குவிந்தது. கட்டிய கையோடு சுமார் 1 கோடி பவுண்டு செலவழித்து அந்தப் படிகளைத் திருத்திக் கட்டினார்கள். இந்தச் செய்தியை ‘மேடை திருத்தப்பட்டது’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன விளங்கும்? திருத்தியது படியை. அந்தச் சொல் பெயரிலேயே இருந்தால்தான் செய்தி புரியும்.

‘பார்வையாளர் இருக்கைகள்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. கிரிக்கெட்டுக்கு அது பொருந்தலாம். பந்தயத் திடலில் ஒரு பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்ததற்கு அரைமணி நேரம் ஆகும். அதற்குள் குதிரையைப் பார்க்கப் போவார்கள், பந்தயப் பணம் கட்டப் போவார்கள், திரும்பி வந்து படியில் நிற்பார்கள். உட்காராமல் நடமாடும் கூட்டம் அது. ஆஸ்கட்டில் தகராறு வந்ததும் நிற்கிறவர்களுக்கான படிகளில்தான். ‘அரங்கம்’ என்பது இன்னொரு குழப்பம். திடல், கட்டடம் எல்லாம் சேர்ந்த மொத்தமும் அரங்கம் என்று ஆகிவிட்ட பிறகு, அதன் ஒரு பகுதிக்கும் அதையே வைத்தால் குதிரை எங்கே ஓடுகிறது என்று தெரியாது. ‘பெருநிலை’ என்று எழுத்துக்கு எழுத்து பெயர்த்தவர்களும் இருக்கிறார்கள். தேர்நிலை, வாசல்நிலை தெரிந்த காதுக்கு அது வேறு எதையோதான் சொல்லும்.

லாங்ஷாம்ப் விஷயத்தில் இன்னொரு சொல்லும் சேர்ந்து கெடுக்கிறது. பேடக் என்பதை ‘மேய்ச்சல் நிலம்’ என்று போட்டுவிடுகிறார்கள். பண்ணையில் அந்தப் பொருள் சரி. பந்தயத் திடலில் அது ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடம். பணம் கட்டுகிறவர் குதிரையின் நடையையும் மினுமினுப்பையும் அங்கேதான் நோட்டம் விடுவார். 1857இல் திறந்த லாங்ஷாம்ப் திடலில் 1960களின் கான்கிரீட் கட்டடங்களை அகற்றிவிட்டு, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் டொமினிக் பெரோ வடிவமைத்த புதிய கட்டடம் 2018இல் திறக்கப்பட்டது. நீளம் 160 மீட்டர். பாயும் குதிரையின் சாய்வு அதன் உருவத்தில் இருக்கிறது. மேல்தளம் ஒரு முனையில் 20 மீட்டர் வெளியே நீண்டு நிற்கிறது. இதையெல்லாம் விட முக்கியம், தளங்கள் இரண்டு பக்கமும் திறந்திருப்பது. முன்னால் ஓடுபாதை, பின்னால் குதிரை நடத்திக் காட்டும் வளையம். ஒரே இடத்தில் நின்று திரும்பினால் இரண்டும் தெரியும். ஒன்றை ‘மேடை’ ஆக்கி மற்றதை ‘மேய்ச்சல் நிலம்’ ஆக்கிவிட்டால், பெரோ என்ன செய்தார் என்பதே தமிழில் காணாமல் போய்விடும். மூலத்தில் ஒரு படத்தைப் பார்த்திருந்தாலே இந்தப் பிழை வந்திருக்காது. படத்தைப் பார்க்காமல் வாக்கியத்தை மட்டும் பெயர்க்கும் வேலை பெருகிவிட்டது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நமக்குச் சொல் இல்லாமலா போயிற்று? தினைப்புனத்தில் கிளி விரட்டிய பெண் ஏறி நின்றது பரண். உயரத்தில் இருந்து பார்க்கும் இடத்துக்கு அதுவே பழைய சொல். ஆனால் இன்று பரண் என்றால் வீட்டில் பழைய பாத்திரம் போடும் இடம், மீட்பது கடினம். சட்டமன்றத்தில் ‘பார்வையாளர் மாடம்’ என்கிறோம். அது உறுப்பினர்களுக்கு மேலே இருந்து பார்க்கும் இடம், அங்கே சரியாகப் பொருந்துகிறது. அலங்காநல்லூரில் ஆண்டுதோறும் ‘கேலரி அமைக்கும் பணி’ நடக்கிறது. ஊர் மக்கள் வாயில் கேலரி தமிழாகவே ஆகிவிட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ‘பிரம்மாண்ட மேடை’யை விட அது நூறு மடங்கு தெளிவு.

கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இன்னும் துல்லியமான சொல் வேண்டும். ‘படிமாடம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. முன்பக்கம் படி, பின்பக்கம் மாடி மாடியாக உணவறையும் பணம் கட்டும் இடமும். கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இருப்பது இவ்வளவுதான். மாட்ரிட் நகரின் ஸார்ஸுவேலா திடலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் எடுவார்டோ டொரோஹா 1930களில் அதற்குப் போட்ட கான்கிரீட் கூரை, முன்னால் தூணே இல்லாமல் ஏறக்குறைய 13 மீட்டர் நீண்டு, விளிம்பில் வெறும் 5 செ.மீ. கனத்தில் முடிகிறது. தூண் வைத்தால் படியில் நிற்கிறவருக்குக் குதிரை மறையும். முன்னால் நீளும் எடையைப் பின்பக்கம் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ‘படிமாடத்தின் கூரை’ என்று எழுதினால் அது எதை மூடுகிறது, ஏன் தூண் இல்லை என்பதெல்லாம் தானாக விளங்கும்.

பல இருந்தால் முதன்மையானது தலைப்படிமாடம். ஒன்றே ஒன்று என்றால் வெறும் படிமாடம் போதும். கொழும்பில் 1893இல் தொடங்கிய ரேஸ்கோர்ஸில் பந்தயம் நின்று பல காலம் ஆயிற்று. அந்தப் பழைய கட்டடத்தில் இப்போது கடைகள் இருக்கின்றன. அதையும் பழைய படிமாடம் என்றே எழுதலாம். குதிரை இல்லாவிட்டாலும் படிகள் அங்கேதான் இருக்கின்றன.