வீட்டில் மனம் ஒடுங்க ஓர் இடம்: ஆணி அடிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

தங்கள் நம்பிக்கைக்கு வீட்டில் ஓர் உருவம் கொடுக்க விரும்புகிறவர்கள் உள் அலங்கார வடிவமைப்பாளரிடம் வரும்போது, பெரும்பாலும் கையில் ஒரு பொருட்பட்டியலோடு வருகிறார்கள். ஒரு சிலை, இரண்டு மெழுகுவத்தி, சுவரில் ஒரு வாசகம், உட்கார ஒரு விரிப்பு. பட்டியல் தவறில்லை. ஆனால் அது வரிசையில் மூன்றாவதாக வர வேண்டியது. அந்த இடத்தில் தினமும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. அதற்கு வீட்டின் எந்தப் பகுதி பொருந்தும் என்பது இரண்டாவது. வரிசை தலைகீழானால் சில மாதங்களில் அந்த மூலை தூசி தட்ட வேண்டிய இன்னோர் அலமாரியாகிவிடும். தனக்கு ஈடுபாடு குறைந்துபோனதாகப் பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பல நேரங்களில் உண்மையான குறை முழங்காலில் இடிக்கும் மேசையிலோ கண்ணில் குத்தும் விளக்கிலோதான் இருக்கிறது.

உடலிலிருந்து தொடங்குங்கள்

தரையில் சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு 90 செ.மீ. நீளமும் அதே அகலமும் போதும். மண்டியிட்டு நெற்றி தரையில் படத் தொழுபவருக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம் வேண்டும். முழுக்கக் கீழே படுத்து வணங்குபவருக்கு 2 மீட்டருக்கு மேல் தேவை. இந்த அளவைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்து, ஒரு வாரம் அப்படியே புழங்கிப் பாருங்கள். கதவு திறக்கும்போது அந்தக் கட்டத்துக்குள் வருகிறதா, குழந்தைகள் ஓடும் பாதை அதன் மேல் போகிறதா, முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முதுகுக்குப் பின்னால் வாசல் இருந்தால் உடல் தளராது. வாசல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காரும் திசையை மாற்றினாலே பலருக்கு அமைதி கிடைத்துவிடுகிறது.

திசை விதிக்கப்பட்ட வழிபாடு என்றால் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மெக்காவை நோக்கித் தொழுபவர்கள் முதலில் திசையை உறுதிசெய்துவிட்டு, பிறகு சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசியின் திசைகாட்டி காந்தப்புலத்தை நம்பி வேலை செய்வது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும், அருகிலுள்ள இரும்பு அலமாரியும், ஒலிபெருக்கியும் அதைத் திசைமாற்றிவிடும். அறையின் நடுவிலும், வீட்டுக்கு வெளியிலும் ஒரு முறை பார்த்து, செயற்கைக்கோள் வரைபடத்தில் கட்டடத்தின் சுவரோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது உயரம். மிக அதிகமாகக் காணும் தவறு இதுதான். படத்தை நின்றபடி மாட்டுகிறோம், அதனால் நிற்பவரின் கண்மட்டத்துக்கு, ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்துக்கு, அது போய்விடுகிறது. தரையில் உட்கார்ந்தவரின் கண் 75 செ.மீ. அளவில்தான் இருக்கும்; நாற்காலியில் இருப்பவருக்கு 115 செ.மீ. அளவில். தரையில் உட்கார்ந்து 150-ஐ அண்ணாந்து பார்த்தால் சில நிமிடங்களில் கழுத்து வலிக்கும். வணங்கும் உருவம் கண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்ற மரபு உங்களுக்கு இருந்தால், உயர்த்துவதோடு தள்ளியும் உட்காருங்கள். ஒன்றரை மீட்டர் தொலைவில், கண்மட்டத்துக்கு 40 செ.மீ. மேலே உள்ள பொருளைப் பார்க்கப் பார்வை ஏறத்தாழ 15 பாகை உயர்ந்தால் போதும். அது கழுத்துக்குச் சுமையில்லை. துளை போடும் முன் அதே அளவில் வெட்டிய அட்டையை ஒட்டிப் பார்ப்பது கட்டாயம்.

ஒலியைப் பற்றி யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. நீங்கள் வழக்கமாக அமரும் நேரத்தில் அந்த மூலையில் பத்து நிமிடம் சும்மா இருந்து கேளுங்கள். கழிவறைக் குழாய், மின்தூக்கி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் சுவரை ஒட்டிய இடம் வேண்டாம். கதவின் அடியிடைவெளியை அடைப்பதும், தரையில் கனமான விரிப்பும், மடிப்புகள் நிறைந்த திரைச்சீலையும் எந்த அலங்காரப் பொருளையும்விட அதிகம் உதவும்.

வெளிச்சம்

ஜப்பானின் இபராகியில் தடாவோ ஆண்டோ வடிவமைத்து 1989-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒளித் தேவாலயத்தில், பீடத்துக்குப் பின்னாலுள்ள கான்கிரீட் சுவரில் சிலுவை வடிவில் ஒரு பிளவு இருக்கிறது. வெறும் சுவர், இருள், அந்தப் பிளவின் வழியே வரும் பகல் ஒளி. வேறு ஆடம்பரம் இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1971-இல் திறக்கப்பட்ட, ஓவியர் மார்க் ராத்கோவின் பெயர் தாங்கிய வழிபாட்டுக்கூடம் எந்த ஒரு மதத்துக்கும் உரியதன்று. எண்கோண அறையில் 14 கருநிற ஓவியங்கள், மேலிருந்து இறங்கும் வெளிச்சம். மதச் சின்னங்களில் மனம் ஒட்டாதவர்களுக்கும் ஆன்மிகமான ஓர் அறை சாத்தியம் என்பதற்கு அது நல்ல சான்று. வீட்டில் நமக்குள்ள இடம் சிறியது என்றாலும் ஒளியைக் கையாளும் முறை ஒன்றுதான்.

2700 கெல்வின் நிறவெப்பம் கொண்ட, அதாவது இளமஞ்சள் ஒளி தரும், எல்.இ.டி. விளக்கு வாங்குங்கள். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறக் காட்டுத்திறன் எண், பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று குறித்திருப்பது, 90-க்கு மேல் இருக்கட்டும். அது குறைந்தால் மரமும் பித்தளையும் சாம்பல் பூத்துத் தெரியும். ஒளியைக் குறைக்கும் டிம்மர் வைப்பதானால், விளக்கின் பெட்டியிலும் அதற்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். பொருந்தாத இணை கண்ணுக்குப் புலப்படாமல் துடிக்கும். தலைவலிக்கும் அமைதியின்மைக்கும் அதுவே காரணமாகலாம். கைபேசிக் கேமராவை விளக்கின் பக்கம் நீட்டினால் திரையில் கோடுகள் ஓடும், அப்படிக் கண்டுகொள்ளலாம்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பல்ப் நேராகத் தெரியக் கூடாது. அலமாரித் தட்டின் முன்விளிம்புக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். செதுக்கிய உருவத்துக்கு நேர் முன்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் தட்டையாகிவிடும். மேலே சற்றுப் பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் முகம் எழுந்து வரும். வேதமோ திருநூலோ படிப்பவர்களுக்குத் தோளுக்குப் பின்னாலிருந்து 300 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) தரும் தனி விளக்கு வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே விளக்கு செய்யாது.

பழைய துணி ஓவியம், கையெழுத்துப் பிரதி, நிறம் தோய்த்த பட்டு போன்றவற்றை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்கள் இவற்றை 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தில்தான் வைக்கின்றன. போன நிறம் திரும்பி வராது. படிகக் கோளமும் கண்ணாடி உருண்டையும் நேர்வெயில் படும் சன்னலோரத்தில் இருக்கவே கூடாது. அவை குவிவில்லை போல வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைத்த விபத்துகள் உண்டு.

தீயும் புகையும்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சுடரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 30 செ.மீ. தூரத்துக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. திரைச்சீலை காற்றில் எவ்வளவு தூரம் பறக்கிறதோ, அதிலிருந்து இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். காகித மாலை, உலர்ந்த பூ, துணி விரிப்பு எல்லாம் எரியக்கூடியவையே. சுடருக்கு நேர் மேலே தட்டு இருப்பது இன்னும் ஆபத்து, ஏனென்றால் வெப்பம் பக்கவாட்டைவிட மேல்நோக்கித்தான் செல்லும். மரம் பல மாதங்கள் மெல்லக் கருகிக்கொண்டே வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அடியில் கை வைத்துப் பார்த்தால் சூடு தெரிகிறது என்றால், அந்த இடம் சுடருக்கு ஆகாது.

மெழுகுவத்தியின் திரியை ஒவ்வொரு முறையும் ஏற்றும் முன் 6 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நீண்ட திரி புகைந்து கரியைக் கக்கும். ஒன்றுக்கொன்று 8 செ.மீ. இடைவெளி விடுங்கள், நெருக்கி வைத்தால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றை உருக்கிச் சாய்க்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிய வேண்டாம். கண்ணாடிக் குவளையில் மெழுகு ஒரு செ.மீ. மிஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் எரிந்தால் குவளை வெடிக்கலாம். எண்ணெய் விளக்கை உலோகத் தாம்பாளத்தில் வையுங்கள், சிந்திய எண்ணெய் மரத்தில் ஊறாது. தூங்கப் போகும் முன்பும் வெளியே கிளம்பும் முன்பும் அணைப்பதற்கு விதிவிலக்கே இல்லை. சுடர் இரவு முழுவதும் நிற்க வேண்டும் என்பது உங்கள் வழிபாட்டின் பகுதியானால், அதற்கு மின்விளக்கைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஊதுவத்திப் புகையில் நுண்துகள்களோடு பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவையும் இருக்கின்றன. 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேரச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மூடிய சிறிய அறையில் ஒரு வத்தி எரிந்தாலே சிறிது நேரத்துக்கு அளவு இதைப் பல மடங்கு தாண்டிவிடும். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, வளர்ப்புப் பறவை இருக்கும் வீட்டில் புகையைத் தவிர்ப்பதே சரி. மற்றவர்கள் சன்னலைத் திறந்துவைத்து, பாதி வத்தியோடு நிறுத்தலாம். வத்தியை மூன்று நான்கு செ.மீ. ஆழமுள்ள மணலில் நடுங்கள். சாய்ந்து விழும் சாம்பலையும் ஏந்தும் அளவுக்குக் கிண்ணம் அகலமாக இருக்கட்டும். கரித்துண்டின் மேல் பிசின் போட்டுப் புகைப்பது தனி எச்சரிக்கைக்குரியது. கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடும், அதற்கு மணமில்லை. மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். புகை கண்டு அலறும் எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தைக் கழற்றிவைப்பவர்கள் உண்டு. கருவி அப்படியே இருக்கட்டும், வத்தியை நகர்த்துங்கள்.

வாசனை எண்ணெயும் எல்லோருக்கும் தீங்கற்றது என்று நினைக்க வேண்டாம். தேயிலை மர எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. லில்லிப் பூவின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

கூரையில் கரி படிந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பரவி ஊறிவிடும். முதலில் கரி எடுக்கும் உலர்ந்த ரப்பர் பஞ்சால் ஒரே திசையில் இழுத்து எடுங்கள். பிறகுதான் சோப்பு நீர்.

கனம்

கல்லின் அடர்த்தி நீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு, பித்தளை 8.5 மடங்கு. ஒரு லிட்டர் பாட்டிலின் பருமன் உள்ள திடமான பித்தளை உருவம் எட்டரை கிலோ. சுவர்த்தட்டில் அது விளிம்பை நோக்கி எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, மேல் திருகாணியை அவ்வளவு விசையோடு வெளியே இழுக்கும். ஜிப்சம் பலகைச் சுவரில் உட்சட்டத்தைத் தேடி அதில் முடுக்க வேண்டும். சட்டங்கள் பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும். கனமான உருவத்துக்குத் தரையில் நிற்கும் பீடமே நல்லது. சிறு குழந்தை இருந்தால் பீடத்தையும் சுவரோடு பிணையுங்கள்.

பிறருடைய புனிதம்

அழகாக இருக்கிறது என்பதற்காக வேறொரு சமயத்தின் பொருளை வாங்கும்போது, அந்தச் சமயத்தார் அதை எங்கே வைப்பார்கள் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். புத்தர் உருவத்தைத் தரையிலோ குளியலறையிலோ வைப்பது பௌத்தர் பலரை நோகச் செய்யும். குர்ஆன் வசனம் எழுதிய சட்டகத்தைக் காலடி உயரத்தில் வைக்க முஸ்லிம்கள் ஒப்ப மாட்டார்கள். யூதர் வீட்டு வாசல் நிலையில் பதித்திருக்கும் சிறு உறையான மெசூசாவின் உயிர் உள்ளே இருக்கும் கையால் எழுதிய தோலேட்டில்தான்; வெறும் உறை அலங்காரமாக மட்டுமே மிஞ்சும். வீட்டில் புகை காட்டுவதற்காகக் கட்டுக்கட்டாக விற்கப்படும் வெண்சேஜ் செடி தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹாவிலும் இயற்கையாக வளர்வது. அங்குள்ள பழங்குடியினருக்கு அது புனிதமானது. காட்டிலிருந்து திருட்டாகப் பறித்து விற்பதும் நடக்கிறது. தந்தத்தில் செதுக்கிய பழைய உருவம் கிடைத்தால் வாங்காதீர்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் முடிவை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் நாடுகள் 1989-இலேயே எடுத்துவிட்டன.

உங்கள் சொந்த மரபிலும் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. பத்து உருவங்கள் இருந்தால் கண் எதிலும் நிற்காது. ஒன்றையோ மூன்றையோ வெளியே வைத்து, மற்றவற்றை அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பருவத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பெரியவர்கள் விட்டுச்சென்ற ஒரு சிறு பொருள் இருந்தால், புதிதாக வாங்கும் எதைவிடவும் அதற்கே முதலிடம் கொடுங்கள். நீர்க்கிண்ணம் வைப்பவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள், கொசு முட்டையிட வாய்ப்பளிக்க வேண்டாம்.

ஒரே வீடு, வெவ்வேறு நம்பிக்கை

கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி நம்ப வேண்டும் என்பதில்லை. பொது அறையில் எது இருக்கலாம் என்பதை முன்பே பேசி முடிவெடுங்கள். ஒருவர் மாட்டிவிட்ட பிறகு பேச்சு கசப்பாகிறது. இடம் குறைவான வீட்டுக்குக் கதவு வைத்த சிறு மாடம் நல்ல தீர்வு: 60 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம், முழுக்கச் சுவரோடு மடங்கும் கீல். திறந்தால் வழிபாட்டிடம், மூடினால் சாதாரண அலமாரி. இதற்குள் சுடரோ வத்தியோ வைக்கக் கூடாது, எல்.இ.டி. மட்டுமே. கதவு மூடியதும் விளக்கைத் தானே அணைக்கும் சுவிட்சைத் தச்சரிடம் சொல்லி முதலிலேயே பொருத்திக்கொள்ளுங்கள். பிறகு மின்கம்பி இழுப்பதானால் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும்.