நிகரி: ‘எமுலேட்டர்’ எனும் சொல்லும் அதன் தவறான தமிழும்

பழைய வீடியோ கேம்களை ஆடுவதற்கென்றே விற்கப்படும் கையடக்கக் கருவிகளைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், விற்பனைக் குறிப்பானாலும் காணொளியின் அடியில் ஓடும் எழுத்தானாலும், இக்கருவியில் பல ‘முன்மாதிரிகள்’ உள்ளன என்ற வகையில் ஒரு வாக்கியம் எதிர்ப்பட்டுவிடுகிறது. ஒரு கருவிக்கென எழுதிய நிரலை வேறொரு கருவியில் ஓட்டும் ஏற்பாட்டை, அதாவது எமுலேட்டரைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது அத்தகைய கருவியை முன்பே கையாண்டவருக்கு மட்டுமே விளங்கும். புதிதாக வாங்க நினைப்பவர், கடையில் பார்வைக்கு வைத்திருக்கும் மாதிரிக் கருவியைச் சொல்கிறார்கள் என்றே எண்ணுவார்.

இலத்தீனில் ‘ஐமுலாரி’ என்றால் ஒருவருக்குச் சமமாக வர முயலுதல், அவரோடு போட்டியிடுதல். அதிலிருந்து பிறந்து ஆங்கிலத்தில் வழங்கிய சொல் 1960களில் ஐபிஎம் நிறுவனத்தில் கணினிச் சொல்லானது. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசையின் சில கணினிகள், பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களைத் திருத்தாமல் அப்படியே ஓட்டின; அதற்கான ஏற்பாட்டுக்கு எமுலேட்டர் என்று பெயர். ‘திருத்தாமல் அப்படியே’ என்பதுதான் இச்சொல்லின் உயிர்.

இனி முன்மாதிரிக்கு வருவோம். முன்மாதிரி என்பது முன்னே நிற்பது. அதைப் பார்த்துத்தான் மற்றவை செய்யப்படும். 1989இல் வெளிவந்த கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிதான் இங்கே முன்மாதிரி. அதற்கென எழுதப்பட்ட விளையாட்டை மியூ மினி என்னும் இன்றைய கையடக்கக் கருவியில் ஓட்டும் மென்பொருள் பின்னால் வந்தது. தமிழாக்கம் இவ்விரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. ‘ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு பின்பற்றுதல்’ என்று அகராதி தரும் பொருளில், பின்பற்றுதலை விட்டுவிட்டு முன்மாதிரியை மட்டும் எவரோ, அல்லது ஏதோ ஓர் இயந்திரம், பிடித்துக்கொண்டதன் விளைவு இது என்று தோன்றுகிறது. ஆசிரியரை முன்மாதிரியாகக் கொண்ட மாணவனை முன்மாதிரி என்று அழைத்தால் சிரிப்போம். கணினிச் சொல் என்றவுடன் அந்தச் சிரிப்பு நமக்கு மறந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்தக் கருவியை ஒரு மாலைப்பொழுது கையில் வைத்து ஆடியிருந்தால் இச்சொல்லை எழுதியிருக்க மாட்டார். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்துத் தமிழாக்குவது இன்று தொழிலாகவே ஆகிவிட்டது.

தனித்தமிழில் பற்றுள்ள சிலர் ‘போலி’ என்கிறார்கள். இலக்கணத்தில் போலிக்கு மதிப்பான இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இன்றைய வழக்கில் போலி என்றால் போலி மருந்து, போலிச் சான்றிதழ். எமுலேட்டர் எழுதுவதே குற்றம் என்ற எண்ணத்தை அச்சொல் சொல்லாமலே விதைக்கிறது. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மெக்கின்டாஷ் கணினியில் ஓட்டிய மென்பொருள் தொடர்பாக கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், அதை உருவாக்கும்போது சோனியின் நிரலைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. விளையாட்டின் ரோம் கோப்பை, அதாவது அதன் நிரலின் படியை, உரிமையின்றிப் பகிர்வது வேறு சிக்கல். அதை எமுலேட்டரின் தலையில் கட்டக் கூடாது. உண்மையில் போலி என்ற பெயருக்கு உரியது, நம் ஊர்க் கடைகளில் தொண்ணூறுகளில் தொங்கிய பிரிக் கேம்தான். டெட்ரிஸைப் பார்த்துச் செய்த அக்கருவியில் மூல டெட்ரிஸின் நிரலில் ஒரு வரிகூட ஓடவில்லை.

‘போன்மி’ நல்ல ஆக்கம். ஆனால் அது மீமுக்குப் போய்விட்டது, திரும்பக் கேட்க முடியாது. ‘பாவிப்பி’ என்பதை சிமுலேட்டருக்கு விட்டுவைக்க வேண்டும். வானூர்திப் பயிற்சிக்கான பாவிப்பி பறக்கும் உணர்வைத் தந்தால் போதும், உள்ளே எதுவும் வானூர்தியைப் போல இருக்க வேண்டியதில்லை. எமுலேட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேம்பாயின் திரை 160க்கு 144 புள்ளிகள், நான்கே நிறச்சாயல்கள். அத்திரை மெதுவாக மாறும்; முந்தைய படத்தின் நிழல் சற்று நேரம் தங்கும். இக்குறையையே சில விளையாட்டுகள் பயன்படுத்திக்கொண்டன: ஓர் உருவத்தை ஒரு சட்டகத்தில் (ஃபிரேமில்) காட்டி அடுத்ததில் மறைத்தால், பழைய திரையில் அது கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். இன்றைய வேகமான திரையில் அதே உருவம் கண்ணை உறுத்தும்படி மினுக்குகிறது. ஆகவேதான் எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டர் மென்பொருள்களில் அடுத்தடுத்த சட்டகங்களைக் கலந்து காட்டும் வசதியை வைத்திருக்கிறார்கள். மூலக் கருவியின் செயலியை மட்டுமல்லாமல் அதன் குறையையும் நிகர்க்க வேண்டியிருக்கிறது.

‘நிகர்க்க’ என்று எழுதினேன். என் பரிந்துரையும் அதுதான். எமுலேட்டர் நிகரி, எமுலேஷன் நிகர்ப்பு, வினை நிகர்த்தல். உலாவி, செயலி என்ற வரிசையில் நிகரி இயல்பாக அமர்கிறது. ‘அவருக்கு நிகராக நிற்க ஆளில்லை’ என்னும்போது சமமும் போட்டியும் ஒருசேர ஒலிப்பதால், இலத்தீன் வேரின் இரு பொருளும் கிடைத்துவிடுகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். வரட்டும், அங்கே நிகர்நிலை என்பது வழங்கப்பட்ட தகுதி, இங்கே நிகரி என்பது வேலை செய்து காட்டும் பொருள். பேச்சில் எமுலேட்டர் என்றே சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

2021இல் வெளிவந்த அனலாக் பாக்கெட் என்ற கையடக்கக் கருவி, மென்பொருளை நம்பாமல், பழைய கருவியின் மின்சுற்று நடந்துகொள்ளும் விதத்தை வேண்டியபடி உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில் அமைத்து அதே விளையாட்டுகளை ஓட்டுகிறது. அதை எமுலேட்டர் எனலாமா என்று ஆர்வலர்கள் சண்டையிடுகிறார்கள். தமிழில் அதை வன்பொருள் நிகரி என்று எழுதினால் பொருள் தெளிவாக நிற்கிறது. ‘வன்பொருள் முன்மாதிரி’ என்று எழுதிப் பாருங்கள்: இன்னும் சந்தைக்கு வராத ஏதோ ஒரு கருவியின் சோதனை வடிவம் என்றுதான் எந்தப் பொறியாளரும் புரிந்துகொள்வார்.