ஆப்பில் பெயர் வராத பூச்சியெல்லாம் புது இனம் இல்லை

மறுபடியும் ஒன்று. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுச் சுவரில் பச்சை நிறத்தில் பெரிய அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்ததாம், படம் எடுத்து, லத்தீன் மாதிரி ஒரு பெயரும் வைத்து "இலங்கையில் புதிய இனம்" என்று முகநூலில் போட்டுவிட்டார்கள், விடிவதற்குள் என் போனில் அதே படம் ஏழெட்டுப் பேரிடமிருந்து. "மிஸ், இது உண்மையா?" இல்லை. அது டாஃப்னிஸ் நெரீ. சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1758இலேயே பெயர் வைத்த பூச்சி, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக இருப்பது. உங்கள் வாசலில் நிற்கிற அலரியையோ நந்தியாவட்டையையோ தின்றுதான் அதன் புழு வளர்ந்திருக்கும்.

இது இல்லாவிட்டால் அட்லஸ் என்ற பெரிய அந்துப்பூச்சி. சிறகு நுனியில் பாம்புத்தலை தெரிகிறது என்று அதையும் யாராவது வருடாவருடம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆங்கிலேயப் பூச்சியியலாளர் மூர் 19ஆம் நூற்றாண்டிலேயே அட்டகஸ் டப்ரபானிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தாயிற்று. நம் தீவின் பழைய பெயர் (தப்ரபேன்) அதில் ஒட்டியிருந்தாலும் அது தென்னிந்தியாவிலும் இருக்கிறது. கடல் மட்டம் தாழ்ந்த காலங்களில் நமக்கும் இந்தியாவுக்கும் நடுவில் தரைதான் இருந்தது, ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சிகளோடு ஒப்பிடாமல் இங்கே எதையும் புதிது என்று சொல்ல வாய்ப்பே இல்லை.

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இன்னொரு கேள்வியில். "ஆப்பில் போட்டுப் பார்த்தேன் மிஸ், பெயர் வரவில்லை, அப்போ புதுசுதானே?" படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் அந்த ஆப், பலர் படமெடுத்து யாராவது பெயர் உறுதிசெய்த பூச்சிகளைப் பார்த்துப் பழகியது. போதிய படம் இல்லாத பூச்சி அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அதற்குத் தெரியாதது வேறு, விஞ்ஞானத்துக்குத் தெரியாதது வேறு. நூறு வருடத்துக்கு மேலாக ஊசி குத்திப் பெட்டியில் இருக்கிற, பெயரும் விவரமும் அச்சான, ஆனால் உயிரோடு யாரும் சரியாகப் படமெடுக்காத பூச்சிகள் எவ்வளவோ உண்டு. இன்னொரு பக்கம், ஆப் பெயர் சொல்லிவிட்டால் அதுவும் வேதவாக்கு இல்லை, தனக்குத் தெரிந்ததில் எது கிட்ட வருகிறதோ அதைத்தான் சொல்லும். நிறம் வேறாக இருக்கிறது என்பதும் பெரிய ஆதாரம் கிடையாது. ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம், சிறகுச் செதில் உதிர்ந்த கிழட்டுப் பூச்சி மூன்றாவது நிறம். ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டு பிறகு ஒன்றை நீக்கிய கதைகள் எங்கள் பூச்சியியல் துறையில் தாராளம்.

புதிது என்றால் எதோடு ஒப்பிட்டுப் புதிது? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வந்த, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய மூரின் நூலைப் பார்க்க வேண்டும். (அதன் படங்களை வரைந்தது நம் நாட்டு டி அல்விஸ் சகோதரர்கள், இன்றைக்கும் அவற்றைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.) 1890களில் பிரித்தானிய இந்தியாவின் அந்துப்பூச்சிகள் பற்றி வந்த ஹாம்ப்சனின் தொகுதிகள், குட்டிப் பூச்சிகளுக்கு மெய்ரிக் எழுதியவை, அப்புறம் இன்றுவரை வந்த கட்டுரைகள். இலங்கைப் பூச்சிகளின் மூல மாதிரிகளில் (பெயர் வைத்தபோது அதற்கு ஆதாரமாக வைத்த பூச்சிகள்) பெரும்பங்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவற்றையும் பார்த்தாக வேண்டும்.

பிறகு வயிற்றுப் பகுதியைக் கழற்றி, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். முதல் தடவை மாணவிகள் முகம் சுளிப்பார்கள், பிறகு அதில்தான் விழுந்து கிடப்பார்கள். சிறகில் அச்சு அசலாக இருக்கிற இரண்டு இனங்கள் அங்கேதான் பிரியும். டிஎன்ஏ பார்ப்பதும் உண்டு, 658 எழுத்து நீளமான ஒரு துண்டு, நல்ல உதவி. ஆனால் அது மட்டும் தீர்ப்பு சொல்லாது. இதெல்லாம் முடிந்து, மூல மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் எழுதி முறைப்படி வெளியிட்டால்தான் பெயர் நிற்கும். முகநூலில் வைத்த பெயருக்கு மதிப்பு பூச்சியம்.

புதிதாக விவரிக்கப்பட்டது, புதிதாக வந்தது, இந்த இரண்டையும் பத்திரிகைகள் குழப்புவதும் நிற்கவில்லை. 2018இல் சோளத்தை அழித்த சேனா படைப்புழு (அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான்) அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, 1797இலேயே பெயர் பெற்றது. நமக்குத்தான் அது புதிது.

உண்மையில் பெயர் இல்லாத பூச்சி உங்கள் வீட்டுக்கு வந்தால் அநேகமாக நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். பெரியதும் அழகானதும் வெள்ளைக்காரன் காலத்திலேயே பிடிபட்டுவிட்டன. மிச்சம் இருப்பது அரைச் சென்டிமீட்டர் நீளத்தில், பழுப்பு நிறத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே செத்துக் கிடந்து காலையில் விளக்குமாற்றோடு போகிறது.

தயவுசெய்து பிடித்துக் கொல்லாதீர்கள், பூச்சி பிடிக்கக் காட்டுக்குள் லைட்டும் வெள்ளைத்துணியும் கொண்டு போகாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அது குற்றம், நாட்டுக்கு வெளியே பூச்சியின் ஒரு காலைக்கூட அனுப்ப முடியாது. 2020இல் யால தேசியப் பூங்காவில் பூச்சிகளோடு பிடிபட்ட இரண்டு இத்தாலியர்களுக்கு 2024இல் 6 கோடி ரூபாய் அபராதம். வீட்டில் தானாகச் செத்துக் கிடந்தால் காகிதத்தை முக்கோணமாக மடித்து உள்ளே வைத்து, எந்த இடம், என்ன திகதி, யார் எடுத்தது என்று பென்சிலால் எழுதிவிட்டுக் கேளுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். செலோடேப்பால் கொப்பியில் ஒட்டுகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிடுகிறேன், செதில் முழுவதும் டேப்போடு வந்துவிடும், அப்புறம் என்னிடம் கொண்டுவந்தும் பயனில்லை.

படம் என்றால் மேல்பக்கம், முடிந்தால் கீழ்ப்பக்கம், பக்கத்தில் ஓர் அடிமட்டம். பில்டர் வேண்டாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரமும் போகும், இடமும் நேரமும் அழிந்துவிடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள். பதில் பிந்தினால் இரவு பதினொரு மணிக்குக் கோல் எடுக்க வேண்டாம்.