"பழகிக்கும் சார்" என்று ஓணானை இடம் மாற்றாதீர்கள்

போன வாரமும் அதே போன். மதுரைப் பக்கம் நாகமலை அடிவாரத்தில் வீடு கட்டுகிறவர். பாறையை உடைக்குமுன் அங்கிருந்த பாறை ஓணான்களைச் சாக்கில் பிடித்து யானைமலைப் பக்கம் விட்டுவிட்டாராம். "ஓணான்தானே சார், எங்க விட்டாலும் பழகிக்கும்." கொல்லாமல் விட்ட மனசுக்கு நன்றி சொன்னேன். ஆனால் இந்த வருடத்தில் இது ஐந்தாவது போன், பொறுமை போய்விட்டது.

ஆண் பாறை ஓணான் இணைசேரும் காலத்தில் முதுகு சிவந்து, பக்கவாட்டில் கறுத்து நிற்கும். மிரண்டால் சற்று நேரத்தில் மங்கிவிடும். இதைப் பார்த்துத்தான் எதற்கும் மாறிக்கொள்ளும் பிராணி என்று முடிவு கட்டுகிறார்கள். இல்லவே இல்லை. நிறம் மாறுவது தோலோடு முடிகிற வேலை. கால் நீளமும் தாடை வலுவும் வெயில் தாங்கும் திறனும் அப்படி மாறாது. அகலமான பரப்பில் வளரும் குஞ்சுக்குப் பின்னங்கால் சற்று நீளும். அனோல் என்ற அமெரிக்க ஓணான்களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அதுவும் வளரும் வயதோடு சரி. அதற்கு மேலே உள்ளது மரபணு மாற்றம். இடத்துக்குப் பொருந்தாதவை முட்டையிடுமுன்னே செத்துப்போகும், பொருந்தியவற்றின் வாரிசுகள் பெருகும், இப்படித் தலைமுறை தலைமுறையாக. பழகுவது கூட்டம். உங்கள் சாக்கிலிருந்த ஓணான் பழகாது, பெரும்பாலும் சாகும். பொந்து தெரியாத பாறையில் அது வல்லூறுக்கும் செம்போத்துக்கும் இரை.

"ஐரோப்பாவில், குரோஷியாவில் பல்லி மாறியதே" என்பார்கள். 1971ல் ஐந்து ஜோடி சுவர்ப்பல்லிகளை ஒரு தீவிலிருந்து பக்கத்துத் தீவில் விட்டார்கள். சுமார் 36 வருடத்தில் அவற்றின் வழிவந்தவைக்குத் தலை பெருத்தது, கடி வலுத்தது, இலைதழை செரிக்கக் குடலில் தடுப்புகள்கூட வந்தன. எல்லாரும் இதை வியந்து பகிர்கிறார்கள். அந்தத் தீவில் முன்பே வாழ்ந்த வேறொரு பல்லியினம் அங்கே இல்லாமலே போனதை யாரும் சொல்வதில்லை.

நம் யானைமலை, நாகமலை, அரிட்டாபட்டிக் குன்றுகளும் தீவுகள் மாதிரிதான். நடுவில் வயலும் ரோடும் வீடுகளும். பாறை ஓணான் அவற்றைத் தாண்டி அடிக்கடி போய்வருவதில்லை. ஒரு குன்றின் கூட்டத்தை இன்னொன்றில் கொட்டினால், அந்தந்த இடத்துக்கென்று சேர்ந்த மரபணு வேறுபாடு குழம்பிப்போகும். உண்ணியும் நோயும் கூடவே போகும். பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோல் மடிப்பில் சிவப்புப் பொட்டுகளாய் எத்தனை ஒட்டியிருக்கும் என்று.

சரி, என்ன செய்வது? பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். வெயில் ஏறுமுன் பாறையில் கடப்பாரை வைக்காதீர்கள். உடம்பு சூடேறாத ஓணானால் ஓட முடியாது. ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக ஆரம்பியுங்கள், அடுத்த பாறைக்கு அதுவே ஒதுங்கும். மனையின் மூலையில் நாலு பாறையாவது விட்டுவையுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அடிபட்டது கிடைத்தால், எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். தேறியதும் அதே இடத்தில்தான் விட வேண்டும். உடும்பைத் தொடவே தொடாதீர்கள். அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் சிறை.

நாகமலைக்காரர் போன் செய்தபோது சாக்கில் இன்னும் இரண்டு மிச்சமிருந்தனவாம். அன்றே பொழுது சாயுமுன் எடுத்த பாறைக்குப் பக்கத்திலேயே விடச் சொன்னேன்.