சீடிங்: தரமா, இடமா?

சீட், சீடிங்: தோற்றால் வெளியேற வேண்டிய போட்டித் தொடரில், ஆட்டங்கள் தொடங்கும் முன்பே ஓர் அணிக்கோ வீரருக்கோ தரப்படும் வரிசை எண், அந்த எண்ணைத் தரும் வேலை. யார் யாரோடு எந்தச் சுற்றில் மோதுவார்கள் என்பதை முடிவு செய்வது இதுதான். நாளிதழ் வழக்கு: போட்டித் தரவரிசை. இங்கே பரிந்துரைக்கும் சொல்: நிரலிடம்.

தமிழில் வெறுமனே ‘சீட்’ என்று எழுதினால் படிப்பவர் நினைப்பது இருக்கையை. பக்கத்தில் ‘கல்லூரி’ என்ற சொல்லும் வந்துவிட்டால் கலந்தாய்வு, கட்-ஆஃப் என்று மனம் போய்விடும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துச் செய்திக்கு ‘டியூக் பல்கலைக்கழகத்துக்கு முதல் சீட்’ என்று தலைப்பு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சீட், விதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒலியை அப்படியே தமிழில் எழுதி ஒப்பேற்ற முடியாத சொற்களில் இதுவும் ஒன்று.

சொல் பிறந்தது டென்னிஸில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். அதற்கு முன் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுத்துத்தான் யாருக்கு யார் எதிராளி என்று முடிவு செய்தார்கள். குலுக்கலில் கெட்டிக்காரர்கள் இருவர் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டால் இறுதியாட்டம் சப்பென்று போய்விடும். அதனால் பலமானவர்களின் பெயர்களை மட்டும் குலுக்கலில் சேர்க்காமல், அட்டவணையில் ஒருவருக்கொருவர் எட்டத்தில் இருக்கும்படி முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். விதையைப் பரவலாகத் தூவுவது போன்ற செயல் என்பதால் இந்த வினைச்சொல் ஒட்டிக்கொண்டது. தூவப்பட்ட ஆட்டக்காரரையே ‘சீட்’ என்று அழைத்தது அதன்பின் வந்த வழக்கம். ஆட்டத்திறனை வைத்து முழுமையாகச் சீடிங் செய்யும் முறையை விம்பிள்டன் 1927-இல் கொண்டுவந்தது. நம் ஊர் உழவரிடம் கேட்டால் இதை விதைப்பு என்று சொல்லமாட்டார், நடவு என்பார்: நாற்றங்காலில் நெருங்கிக் கிடப்பதைப் பறித்து இடைவெளி விட்டு ஊன்றுகிற வேலை.

டென்னிஸில் எல்லோருக்கும் இந்த எண் கிடைப்பதில்லை. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் ஆட்டத்தில் 128 பேர் இறங்கினால் 32 பேருக்குத்தான் சீட். மற்றவர்கள் குலுக்கலில் வருகிறவர்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நிலைமை வேறு. அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் ஆடவர் தொடரில் 1979 முதல் களமிறங்கும் எல்லா அணிகளுக்கும் எண் உண்டு. 1985-இல் அணிகள் 64 ஆயின, 2011-இல் 68 (முதல் சுற்றுக்கு முன் எட்டு அணிகள் மோதி நான்கு வெளியேற, மிஞ்சுவது 64). நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு 1 முதல் 16 வரை எண்கள். அதாவது ‘முதல் சீட்’ என்ற பெயரில் ஒரே ஆண்டில் நான்கு அணிகள் இருக்கும். டென்னிஸ் பழக்கத்தில் இதைப் படிப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

பருவத் தொடக்கத்தில் வரும் கணிப்புகளில் ‘இந்த அணி 5-ஆம் சீட்டுக்குப் போகலாம்’ என்று இருந்தால் அதை நாட்டளவிலான இடமாக மாற்றிப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். சீட் எண்ணை நான்கால் பெருக்கினால் அந்த வரியின் (ஒரே எண் பெற்ற நான்கு அணிகளின்) கடைசி இடம் கிடைக்கும். அதிலிருந்து மூன்றைக் கழித்தால் முதல் இடம். 5-ஆம் சீட் என்றால் 17 முதல் 20 வரை. 8-ஆம் சீட் என்றால் 29 முதல் 32 வரை. முதல் 25 அணிகளின் பட்டியலில் கடைசியாகத் தொங்கிக்கொண்டிருக்கும் அணி ஏறத்தாழ 7-ஆம் சீட் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் சுற்று இணைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 17: 1-க்கு 16, 2-க்கு 15 என்று போய் 8-க்கு 9-இல் முடியும். 1985 முதல் 2025 வரை 1-க்கும் 16-க்கும் 160 ஆட்டங்கள் நடந்தன (2020-இல் கொரோனாவால் தொடரே நடக்கவில்லை). 16 வென்றவை இரண்டே. 2018-இல் பால்டிமோர் கவுண்டியில் உள்ள மேரிலாண்ட் பல்கலைக்கழகம் வர்ஜீனியாவை 74-54 என்று வீழ்த்தியது. 2023-இல் ஃபேர்லி டிக்கின்சன் பர்டியூவை 63-58 என்று சாய்த்தது. ஆனால் 5-க்கும் 12-க்கும் ஆட்டம் என்றால் மூன்றில் ஒன்றை 12 எடுத்துவிடும். ஆக, எண்களுக்கு இடையிலான தூரம் எல்லா இடத்திலும் ஒரே எடை உடையதல்ல.

எண் சிறியதாக இருந்தால் பாதை எளிது என்ற நினைப்பும் பாதி சரி, பாதி தவறு. 8-ஆவது, 9-ஆவது அணிகளில் எது வென்றாலும் அடுத்த ஆட்டத்தில் எதிரே நிற்பது கிட்டத்தட்ட எப்போதும் மண்டலத்தின் முதல் அணிதான். 10-ஆவது அணி வென்றால் இரண்டாம் சுற்றில் சந்திப்பது 2-ஐயோ 15-ஐயோ. 11-க்கு 3 அல்லது 14. அதனால் 8-ஆம் சீட்டைவிட 10-ஆம் சீட் தேவலை என்று பயிற்சியாளர்கள் நினைத்தால் அதில் பிழை சொல்ல முடியாது. மேற்சொன்ன இரண்டு விபத்துகளாலும் லாபமடைந்தவை அவற்றின் அண்டை அணிகளே. 2018-இல் வர்ஜீனியா இருந்திருக்க வேண்டிய இடத்தில் 16-ஆவது அணியைச் சந்தித்த கன்சாஸ் ஸ்டேட் (9) 50-43 என்று வென்று மண்டல இறுதி வரை போனது. 2023-இல் அதே இடத்தில் இருந்த ஃபுளோரிடா அட்லாண்டிக் (9) கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது. இதுவரை கோப்பை வென்றவற்றிலேயே பெரிய எண் 8: 1985-இல் வில்லனோவா, ஜார்ஜ்டவுனை 66-64 என்று வென்றது.

இந்த எண்ணைத் தருவது கணினி இல்லை, 12 பேர் கொண்ட தேர்வுக் குழு. அவர்கள் முன்னால் கிடக்கும் கருவிகளில் முக்கியமானது 2018-19 பருவத்தில் வந்த ‘நெட்’ என்ற தரவரிசை. அதைவிடக் கவனித்துப் படிக்க வேண்டியது வெற்றிகளின் தரம். நெட் பட்டியலில் முதல் 30-க்குள் உள்ள அணியைச் சொந்தத் திடலில் வென்றால் அது முதல் காலிறு வெற்றி, அதாவது நான்கு தரப் பிரிவுகளில் மேலானது. பொதுத் திடலில் என்றால் எல்லை 50 வரை, எதிரணித் திடலில் என்றால் 75 வரை நீளும். ஒரே எதிரணி, ஒரே புள்ளி வித்தியாசம், ஆடிய ஊர் மாறினால் வெற்றியின் மதிப்பு மாறிவிடும். நெட்டில் 12-ஆம் இடம் என்பதால் 3-ஆம் சீட் உறுதி என்று எழுதுகிற கணிப்புகள் பிழைப்பது இதனால்தான்.

குழு முதலில் 1 முதல் 68 வரை வரிசைப்படுத்தும். பிறகுதான் அணிகளை மண்டலங்களில் பொருத்தும். பொருத்தும்போது வேறு விதிகள் குறுக்கே வரும். ஒரே மாநாட்டில் (அதாவது ஆண்டு முழுதும் தங்களுக்குள் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பில்) உள்ள இரு அணிகள் அந்தப் பருவத்தில் மூன்று முறை மோதியிருந்தால் மண்டல இறுதிக்கு முன் சந்திக்கக்கூடாது. சொந்தத் திடலில் ஆடவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆடாத பிரிகம் யங் போன்ற பல்கலைக்கழகத்துக்கு வியாழன்-சனி அட்டவணை தேட வேண்டும். இவற்றுக்காக ஓர் அணி தன் உண்மையான வரியிலிருந்து ஒரு வரி மேலோ கீழோ நகரலாம். எண் ஒருமுறை அறிவிக்கப்பட்டால் அவ்வளவுதான், உறைந்துவிடும். 2018-இல் வர்ஜீனியாவின் டீஆண்ட்ரே ஹன்டருக்கு மணிக்கட்டு முறிந்த செய்தி வெளியானது அட்டவணை அறிவிக்கப்பட்ட பிறகு. அணியின் பலம் குறைந்தது. 1 என்ற எண் அப்படியே நின்றது.

தரவரிசையும் சீட்டும் வேறு வேறு என்பதற்கு அமெரிக்கக் கால்பந்தைப் போல் வேறு சான்று கிடையாது. (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், நம் கால்பந்து அல்ல.) கல்லூரி அணிகளின் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிக்கட்டத் தொடர்) 2024 பருவத்தில் 12 அணிகளாக விரிந்தது. முதல் நான்கு சீட்டும், முதல் சுற்றில் ஆடாமலே கடக்கும் சலுகையும் மாநாட்டு வாகையர்களுக்கே என்று அந்த ஆண்டு விதி. விளைவு: தரவரிசையில் 9-ஆம் இடத்திலிருந்த பாய்ஸி ஸ்டேட்டுக்கு 3-ஆம் சீட்; 12-ஆம் இடத்திலிருந்த அரிசோனா ஸ்டேட்டுக்கு 4-ஆம் சீட். தரவரிசையில் 3-ஆம் இடத்திலிருந்த டெக்சாஸ் 5-ஆம் சீட்டாகவும், 6-ஆம் இடத்திலிருந்த ஓஹையோ ஸ்டேட் 8-ஆம் சீட்டாகவும் இறங்கின. இதில் அதிகம் அடி வாங்கியது முதலிடத்து ஓரிகன்தான். தரவரிசைப்படியே எண் தந்திருந்தால் காலிறுதியில் அதற்கு எதிரே வந்திருக்க வேண்டியவை இந்தியானா அல்லது பாய்ஸி ஸ்டேட். வந்தது ஓஹையோ ஸ்டேட். 41-21 என்று ஓரிகன் தோற்றது. சலுகை பெற்ற நான்கு அணிகளும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே வெளியேறின, ஓஹையோ ஸ்டேட் கோப்பையைத் தூக்கியது. 2025-இல் விதியை மாற்றி, தரவரிசைப்படியே சீட் என்று ஆக்கினார்கள்.

இனித் தமிழ்ச் சொல். ‘விதை’ சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. ‘முதல் விதை அணி’ என்று எந்தத் தமிழரும் பேசமாட்டார். ‘தரவரிசை’, ‘தரநிலை’ இரண்டும் மேலே சொன்ன பாய்ஸி ஸ்டேட் கணக்கில் உடைந்துபோகும்: ‘தரவரிசையில் 9-ஆம் இடத்திலுள்ள அணிக்குத் தரவரிசையில் 3-ஆம் இடம்’ என்று எழுதவேண்டி வரும். இலங்கைத் தமிழில் புழங்கும் ‘தரப்படுத்தல்’ என்பதற்கும் இதே சிக்கல். நாளிதழ்களின் ‘போட்டித் தரவரிசை’ பரவாயில்லை, ஆனால் அவசரத்தில் ‘போட்டி’யை விட்டுவிடுகிறார்கள், விட்டதும் பொருள் மாறிவிடுகிறது.

நிரல் என்றால் ஒழுங்கான வரிசை. கணினி ஆட்கள் அதை நிரல்மொழிக்கு எடுத்துக்கொண்டாலும் பழைய பொருள் சாகவில்லை. பொருள்கோள் இலக்கணத்தில் நிரல்நிறை படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும்: இரண்டு வரிசைகளை நேருக்கு நேர் பொருத்தாமல், முதலாவதைக் கடைசியோடு, இரண்டாவதைக் கடைசிக்கு முந்தையதோடு பொருத்தினால் அது எதிர்நிரல்நிறை. 1-க்கு 16, 2-க்கு 15 என்ற அட்டவணையும் அதே பொருத்தம்தான். ஆகவே சீட் என்பதற்கு நிரலிடம், சீடிங் என்பதற்கு நிரலிடுதல். ‘தரவரிசையில் 9-ஆவதான பாய்ஸி ஸ்டேட் 3-ஆம் நிரலிடத்தில் இறங்கியது’ என்றால் குழப்பமில்லை. டென்னிஸில் எண் இல்லாதவரை ‘நிரலிடம் பெறாத வீரர்’ எனலாம். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் பொதுப் பிரிவில் தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் தொடக்கத்தில் இருந்தது 14-ஆம் நிரலிடத்தில். அங்கே எண்ணைத் தந்தது ஆட்டக்காரர்களின் திறனை அளக்கும் எலோ புள்ளிகள். குழு எதுவும் உட்காரவில்லை.

ஒவ்வொரு சுற்றும் முடிந்தபின் மீதமுள்ளவர்களை மறுபடி வரிசைப்படுத்துவதற்கு ‘மறுநிரல்’. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில் இது உண்டு. இருப்பதிலேயே பெரிய எண்ணோடு இருப்பதிலேயே சிறிய எண் மோதும். கல்லூரிக் கூடைப்பந்தில் மறுநிரல் கிடையாது. அதனால்தான் வர்ஜீனியா விழுந்த பலன் கன்சாஸ் ஸ்டேட்டுக்குப் போனது.