கிழமைக்கு ஒரு சொல்: மைக்கோடு படமாகும் விதம்

"வலை" என்று ஒரு சொல்லைக் கொடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் இதற்கொரு படம் பேனையால் வரைந்து கொண்டுவாருங்கள் என்று மட்டக்களப்பில் யாரிடம் சொன்னாலும், முதலில் வருவது அநேகமாக ஒரே படம்தான். வாவி, தோணி, தோணியில் நின்று வீச்சுவலை எறியும் ஒருவர், பின்னால் பாதி மறைந்த சூரியன். கொஞ்சம் ஆர்வக்காரர் என்றால் தூரத்தில் கல்லடிப் பாலத்தையும் சேர்த்துவிடுவார். படம் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது வரைந்தவர் தேடி எடுத்த படமல்ல. கேட்டவுடனே மூளை தூக்கிக் கொடுத்த படம்.

சொல்லைக் கொடுத்துப் படம் கேட்கும் இந்தப் பழக்கம் இப்போது எல்லா நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல், ஒக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கொரு மைப்படம் வரைவது என்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட பயிற்சிதான் 'இங்க்டோபர்' என்ற பெயரில் பரவியது. நாளுக்கொன்று கட்டுப்படியாகாதவர்களுக்குக் கிழமைக்கொன்று என்ற வடிவமும் பிறகு வந்தது. என்னைக் கேட்டால் கிழமைக்கொன்றுதான் சரி. வேலை வெட்டி பார்க்க நேரம் மிஞ்சும் என்பதற்காக மட்டுமல்ல, மூளையும் மையும் வேலை செய்கிற விதத்துக்கும் அதுதான் பொருந்துகிறது.

முதலில் மூளை. நமக்குத் தெரிந்த சொற்களும் பொருள்களும் தனித்தனியாகக் கிடப்பதில்லை, ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கின்றன என்பது 1975இல் கொலின்ஸ், லொஃப்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம். ஒரு சொல்லைக் கேட்டதும் அதோடு அதிகம் பழகிய பொருள்கள் முதலில் விழித்துக்கொள்ளும். அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று போகும். வாவிக்கரையில் வளர்ந்தவருக்கு வலையிலிருந்து தோணிக்குப் போகும் வழி தினமும் நடந்து தேய்ந்த வழி. அதனால் அதுதான் முந்திக்கொள்கிறது.

1994இல் தோமஸ் வார்ட் என்ற ஆய்வாளர் வேற்றுக் கிரக உயிரினங்களைக் கற்பனை செய்து வரையுமாறு பலரிடம் கேட்டார். எப்படி வேண்டுமானாலும் வரையலாம், ஒரு கட்டுப்பாடும் இல்லை. வந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பக்கமும் ஒத்த உடல், கண், கால் எல்லாம் இருந்தன. அதாவது, நம் ஊர் விலங்குகளே வேடம் போட்டு வந்திருந்தன. சுதந்திரம் கொடுத்தால் புதுமை வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

நேரம் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. ஒரே கேள்விக்குத் தொடர்ந்து பதில் சொல்லிக்கொண்டே போகச் சொன்னால், பிந்தி வரும் பதில்கள்தான் வழக்கத்துக்கு மாறானவையாக இருக்கும் என்று 1957இலேயே உளவியலாளர் கில்ஃபர்டின் குழுவினர் காட்டினார்கள். பதில் வரும் வேகம் குறையும், ஆனால் தரம் ஏறும். ஆகவே திங்கட்கிழமை கொப்பியின் ஓரத்தில் 'வலை' என்று எழுதி, தோணியையும் சூரியனையும் முதல் வரியில் எழுதித் தீர்த்துவிட வேண்டும். அப்புறம்தான் மற்றவை வரத் தொடங்கும். நுளம்பு வலையில் விழுந்த ஓட்டை. கரப்பந்து வலைக்கு மேலாகத் தெரியும் விரல் நுனிகள். கிழிந்த வலையைத் தைக்கும் கிழவரின் கால் பெருவிரலில் மாட்டியிருக்கும் நூல். வலைக்குள் இருக்கும் மீனுக்குத் தெரிகிற வானம். கடைசி இரண்டும் புதன்கிழமைக்கு முன் வருவது கஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களை விட, 40 விநாடிகளில் அதைக் கிறுக்கலாகவாவது வரைந்தவர்களுக்குச் சொல் நன்றாக நினைவில் நிற்பதாகக் கண்டார்கள். ஓவியத் திறமைக்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கொப்பி ஓரத்தில் கிறுக்கினால் உடனே ஏசாமல், பாடத்தைத்தான் கிறுக்குகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

சரி, பேனைக்கு வருவோம். மையில் தோய்த்து வரையும் நிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துளை, துளையிலிருந்து நுனிவரை ஒரு கீறல். மை அந்தக் கீறலில் இறங்குவதற்குப் புவியீர்ப்பு முக்கியக் காரணமல்ல. விளக்குத் திரியில் எண்ணெய் மேலே ஏறுகிறதே, அதே நுண்புழைக் கவர்ச்சிதான் இங்கும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, பக்கத்திலுள்ள சுவரையும் இழுக்கின்றன. இடைவெளி குறுகக் குறுகச் சுவரின் இழுப்பு ஓங்கும். 0.2 மி.மீ. விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் கிட்டத்தட்ட 15 செ.மீ. உயரம் தானாக ஏறும். நிப்பின் கீறல் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் மை நுனிக்கே இழுபடும். கடதாசி நார்களின் இடைவெளி அதைவிடச் சிறியது. நுனி கடதாசியைத் தொட்டதும் கடதாசி மையை வாங்கிக்கொள்கிறது. பேனை மையை ஊற்றுகிறது என்று நினைக்கிறோம், உண்மையில் கடதாசிதான் உறிஞ்சுகிறது.

அழுத்தினால் கீறல் விரியும், கோடு தடிக்கும். அளவுக்கு மீறி அழுத்தினால் கீறலின் இருபுறமும் உள்ள இரண்டு கவைகளுக்கும் நடுவே நிற்கும் மைப்படலம் அறுந்து, தண்டவாளம் போல இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் விழும். புதிதாக வாங்கிய நிப்பில் மை நிற்காமல் முத்து முத்தாக உருண்டு விழுவதைப் பார்த்துப் பலர் நிப் பிழை என்று எறிந்துவிடுகிறார்கள். துருப்பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய் பூசியிருப்பார்கள். எண்ணெயில் நீர் ஒட்டாது, அவ்வளவுதான். சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.

மையிலும் இரண்டு சாதி. சாய மையில் நிறம் நீரில் கரைந்தே இருக்கிறது. கரி மையில், அதாவது இந்தியன் இங்க் என்று கடையில் கேட்கிறோமே அதில், கரி கரைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புகைக்கரித் துகள்கள் நீரில் மிதக்கின்றன. விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும். பிசினோ அரக்கோ ஒவ்வொரு துகளையும் சுற்றிப் போர்த்தி, மற்றதை நெருங்கவிடாமல் வைத்திருக்கிறது. காய்ந்த பின் அதே பிசின் துகள்களைக் கடதாசியோடு ஒட்டியும் வைக்கிறது. இந்த மையை மறந்தும் சாதாரண ஊற்றுப் பேனையில் விட வேண்டாம். உள்ளே காய்ந்தால் அந்தப் பேனையை மீட்பது பெரும்பாடு.

கரியின் நல்ல குணம், அது எதோடும் சுலபத்தில் வினை புரியாது, வெயிலில் வெளுக்காது. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறிவிட்டு அதன்மேல் விளக்குக் கரியைத் தடவினார்கள். கீறலுக்குள் போன கரி தங்கியது, மேலே இருந்ததைத் துடைத்துவிட்டார்கள். ஏடுகளைப் பூச்சி தின்றிருக்கிறது, ஈரம் தின்றிருக்கிறது. எழுத்து மட்டும் ஓலை இருக்கும்வரை கறுப்பாகவே இருக்கிறது.

இனிக் கடதாசி. நாம் காசைப் பேனையில் கொட்டிவிட்டுக் கடதாசியில் மிச்சம் பிடிக்கிறோம், செய்ய வேண்டியது மறுவளம். கடதாசி என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார்களுக்கு நீர் என்றால் உயிர். அதனால் ஆலையில் மாப்பசை, பிசின் போன்றவற்றைச் சேர்த்து அந்தத் தாகத்தைக் குறைக்கிறார்கள். அது குறைவாக உள்ள மலிவுக் கடதாசியில் மை நார்வழியே ஓடி, கோட்டின் இரு கரையிலும் இறகு முளைத்தது போலாகிவிடும். இப்படி நீர் ஊடுருவும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1921இல் வொஷ்பர்ன் என்ற இரசாயனவியலாளர் கணக்கிட்டார். அதாவது நாலு மடங்கு நேரம் நின்றால் இரண்டு மடங்கு பரவும். கோட்டை முடிக்கும் இடத்தில் 'இனி எங்கே போவது' என்று பேனையை ஊன்றி யோசித்தால் அந்த யோசனை ஒரு பொட்டாகப் படத்தில் பதிந்துவிடும். யோசிக்கும்போது பேனை கடதாசியில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி.

மட்டக்களப்பில் மையின் போக்கு பருவத்துக்குப் பருவம் மாறும். இங்க்டோபர் வருகிற ஒக்டோபரில்தான் நமக்கு மாரியும் தொடங்கும், தை வரை நீளும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது கடதாசி அதை இழுத்துக்கொண்டு நெளியும். நார் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான் அதிகம் வீங்கும். மை காய நேரமெடுக்கும், நேரமெடுத்தால் பரவும். கூடவே உள்ளங்கை வியர்வை. கைக்கடியில் ஒரு மிச்சத் தாளை வைத்துக்கொள்வது பழைய உபாயம், அதை வெல்ல ஒன்றும் வரவில்லை. ஆனி, ஆடியில் நிலைமை தலைகீழ். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்து கச்சான் காற்றாக வருகிறது. அப்போது மை கடதாசியில் மட்டுமல்ல, நிப்பிலும் காயும். இடைக்கிடை ஈரத்துணியில் துடைக்காவிட்டால் கோடு விட்டுவிட்டு வரும்.

மாரியில் குமிழ்முனைப் பேனை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் மை நீர் மையே அல்ல, எண்ணெய்த்தன்மையுள்ள பசை, நீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பானது. நாரில் ஓடாது. கையை இலேசாக்கினால் சாம்பலாகவும், அழுத்தினால் கறுப்பாகவும் வரும்.

நிப்பும் கரி மையும் அப்படிச் சாம்பல் தராது. கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் நிழல் எப்படி வருகிறது? கண்ணை ஏமாற்றித்தான். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு ஒரு பாகைக் கோணத்தின் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்தறிய முடியும். 30 செ.மீ. தூரத்தில் அது ஏறத்தாழ 0.09 மி.மீ., 2 மீட்டரில் கிட்டத்தட்ட 0.6 மி.மீ. அரை மி.மீ. கோடும் அரை மி.மீ. இடைவெளியுமாக அடுக்கினால் மேசையில் கோடு கோடாகத் தெரியும். சுவரில் ஒட்டிவிட்டு 2 மீட்டர் தள்ளி நின்றால் கோடு மறைந்து சாம்பலாகிவிடும்.

எவ்வளவு சாம்பல் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாதி மை, பாதி வெள்ளை என்றால் நடுச் சாம்பல் வந்துவிடும் என்று தோன்றும். வராது. நம் கண்ணுக்கு நடுச் சாம்பலாகத் தெரிவது, விழும் ஒளியில் 18 வீதத்தை மட்டும் திருப்பியனுப்பும் பரப்பு. வெள்ளைத் தாளில் அதைக் கொண்டுவர மை ஐந்தில் நாலு பங்கு இடத்தையாவது பிடிக்க வேண்டும். முதல் அடுக்குக் கோடு 50 வீதத்தை மூடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் குறுக்காக அதே அளவில் இன்னொன்று போட்டால் 100 ஆகாது, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதால் 75 ஆகும். மூன்றாவது போட்டால் 87.5. ஆக, நடுச் சாம்பலே இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் இருக்கிறது. முதல் அடுக்கோடு பயந்து நிறுத்துவதால்தான் பலருடைய நிழல் நிழலாக விழாமல் அழுக்குப் போல் தெரிகிறது.

இதை வலையில் வைத்தே பார்க்கலாம். இரவு வாவியில் விரியும் வெள்ளை நைலோன் வலையை வரைய வேண்டும். கறுப்பு மையால் வெள்ளை நூலை வரைய வழியில்லை. எனவே நூலை வரையக்கூடாது, வலைக்கண்களுக்குள் தெரியும் தண்ணீரை வரைய வேண்டும். ஒவ்வொரு கண்ணாக, சாய்சதுரம் சாய்சதுரமாகக் குறுக்குக்கோடு போட்டு நிரப்பி, நடுவில் ஒரு மயிரிழை வெள்ளையை மட்டும் விட்டுக்கொண்டே போனால் நூல் தானாக எழும்பும். மூளையின் பார்வைப் பகுதியிலுள்ள பல கலங்கள் வெளிச்சத்தின் மொத்த அளவைவிட, இருளும் ஒளியும் சந்திக்கும் ஓரங்களுக்கே அதிகம் துள்ளுகின்றன. 1959இல் நரம்பியல் ஆய்வாளர்களான ஹ்யூபலும் வீசலும் பூனைகளில் இதைக் கண்டார்கள், 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஓரம் கூர்மையாக இருந்தால், வரையாத நூலையும் மூளை நூலென்றே ஏற்றுக்கொள்ளும். இந்த வேலைக்கு இரண்டு மூன்று இரவுகள் போகும். இங்கேயும் கிழமைதான் கைகொடுக்கிறது.

கோட்டின் தடிப்பு ஒரே சீராக வேண்டுமென்றால் பிக்மா மைக்ரோன் போன்ற மெல்முனைப் பேனைகள் வசதி. உள்ளே இருப்பது நீரில் கரையாத நிறத்துகள் மை. அதில் 01 என்று போட்டிருப்பது 0.1 மி.மீ. அல்ல, 0.25 மி.மீ. வாங்கும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முடித்த படத்தைச் சட்டம் போட்டு யன்னலுக்கு எதிரே மாட்டுவதானால் கரி மையில் வரைந்ததை மட்டும் மாட்டுங்கள். குமிழ்முனையின் மை பெரும்பாலும் சாயம், வெயில் பட்டால் வெளுக்கும். அரக்கு கலந்த மை தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் தடிப்பாகப் பூசிய இடங்கள் உள்ளே ஈரமாகவே கிடக்கும். கொப்பியை உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வலை விழுந்துவிடும். ஒரு இரவு திறந்தே வையுங்கள், மாரியென்றால் இரண்டு.