புளிக்கவைக்கும் டிரம்முக்கு எந்தக் குழாய்?

கொம்புச்சா என்கிற புளித்த தேநீர், இஞ்சி சோடா என்று வீட்டிலேயே புளிக்கவைத்துக் குடிக்கிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஜாடி போதாது. 20 லிட்டர் எவர்சில்வர் டிரம் ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்று தோன்றும். டிரம்மைத் தட்டிப் பார்த்து, பேரம் பேசி, யோசித்து வாங்குவோம். குழாயை மட்டும் ஹார்டுவேர் கடையில் கண்ணில் பட்டதை எடுத்து மாட்டிவிடுவோம், ஆனால் சரக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். வெளிநாடுகளில் வீட்டில் பீர் செய்கிறவர்கள் இந்த வால்வு விஷயத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பீர் செய்வது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதனால் அது வேண்டாம், அவர்களுடைய குழாய் அறிவு மட்டும் நமக்குப் போதும்.

காரைக்குடியில் எந்தக் கடையில் அரை இஞ்ச் குழாய் கேட்டாலும் முதலில் கைக்கு வருவது பித்தளைதான், மேலே குரோம் பூசியிருப்பதால் பளபளவென்று எவர்சில்வர் மாதிரியே இருக்கும். திரவம் ஓடுகிற உள்பக்கத்தில் அந்தப் பூச்சை நம்ப முடியாது. நன்றாகப் புளித்த கொம்புச்சாவின் பி.எச்., அதாவது குறையக் குறைய அமிலம் கூடும் அளவு, 3-ஐ ஒட்டி வந்துவிடும், அந்த அமிலத்தில் பித்தளையின் தாமிரமும் துத்தநாகமும் கரையும். கடைசலில் சுலபமாக வெட்டுப்பட வேண்டும் என்பதற்காகக் குழாய்ப் பித்தளையில் 2, 3 சதவீதம் காரீயம் சேர்ப்பதும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதென்றால் ஆச்சிமார் உள்ளே வெள்ளீயம் பூசாமல் விடமாட்டார்கள், களிம்பு ஏறும் என்பார்கள். அதே வேதியியல்தான் இங்கேயும்.

எவர்சில்வர் டிரம்மில் பித்தளைக் குழாய் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் அமிலம், ஆக அது ஒரு மின்கலம், அதில் கரைந்துபோகிற முனை பித்தளை. இப்படிப்பட்ட அரிப்பை ஆராய்வதற்கென்றே நம் ஊரில் ஒரு நிலையம் இருக்கிறது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்கிறோமே அதுதான். பல மாதம் ஓடிய பித்தளைக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், மஞ்சளாக இருந்த உள்பக்கம் அங்கங்கே ரோஸ் நிறமாகியிருந்தால் அங்கே துத்தநாகம் போய்விட்டது, தாமிரம் மட்டும் நிற்கிறது.

அதனால் குழாய் 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது இங்கே உதவாது, ஏனென்றால் நிக்கல் குறைந்த மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. வால்வின் உடம்பில் 304 அல்லது 316 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த ரகமானாலும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாதீர்கள். எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம், பவுடரிலிருந்து வரும் குளோரைடு அதைத்தான் துளைக்கும்.

அடுத்தது வால்வின் வகை, நான் அதிகம் கவலைப்படுவது இதில்தான். எல்லோரும் வாங்குவது பால் வால்வு (ball, அதாவது பந்து), உள்ளே குறுக்கே துளை போட்ட ஓர் உலோக உருண்டை, கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் துளை குழாயோடு நேராக வந்து திறக்கும். மூடும்போது என்ன ஆகிறது? உருண்டையின் துளைக்குள் இருந்த திரவம் அங்கேயே சிறைப்படும். உருண்டைக்கும் வெளி உடம்புக்கும் நடுவே உள்ள இடுக்கிலும் கொஞ்சம் தங்கும், காரைக்குடி சித்திரை வெயிலில் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த முறை திறக்கும்போது முதலில் டம்ளரில் விழுவது அதுதான். வெந்நீர் ஊற்றினால் துளைக்குள் ஓடிப்போய்விடும், இடுக்குக்குள் சரியாகப் போகாது. எனவே கழற்ற முடியாத ஒற்றை உடம்பு பால் வால்வை வாங்காதீர்கள். போல்ட்டைக் கழற்றினால் நடு உடம்பு தனியாக வந்துவிடுகிற மூன்று துண்டு வால்வு விலை கூடத்தான், ஆனால் உருண்டையையும் டெஃப்ளான் வளையங்களையும் வெளியே எடுத்துத் தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுக்கலாம். தகடு ஏறி இறங்கித் திறந்து மூடுகிற கேட் வால்வோ மரையெல்லாம் திரவத்தில் நனைகிற வகை, பக்கமே போக வேண்டாம்.

மரையில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்க் கடைச் சாமான் பிரிட்டிஷ் பி.எஸ்.பி. மரை, இணையத்தில் வாங்குவது சில சமயம் அமெரிக்க என்.பி.டி. மரை. அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் இரண்டு மூன்று சுற்று நல்லபடியாகவே ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. டெஃப்ளான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாள் ஒழுகும்.

மேலே காற்றுக்கு வருவோம். கொம்புச்சாவின் முதல் புளிப்புக்குக் காற்று வேண்டும், வாயில் துணி கட்டினால் போதும். இஞ்சி சோடாவை மூடி வைக்கிறவர்களுக்குத்தான் வாயு போக வழி வேண்டும், 100 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றால் 25 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். பழைய குக்கர் விசிலை மூடியில் மாட்டிவிடலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது தூக்குவதற்குச் சுமார் 1 பார் அழுத்தம் வேண்டும், 25 செ.மீ. அகல மூடியில் அது ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான விசை. குக்கரின் சேஃப்டி வால்வு சூட்டில் உருகித் திறப்பது, புளிக்கிற டிரம்மில் அந்தச் சூடு வராது. வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத, 3 செ.மீ. தண்ணீர் நிற்கிற ஏர்லாக் வைத்தால் அதே மூடியில் ஒன்றரைக் கிலோ விசைக்கே வாயு குமிழியிட்டு வெளியேறிவிடும். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் வற்றும், பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

அரை இஞ்ச் குழாய்க்கு டிரம்மில் ஓட்டை 21 மி.மீ., அடியிலிருந்து மூன்று நான்கு செ.மீ. மேலே, வண்டல் கீழேயே தங்கட்டும். சிலிக்கான் வாஷர் உள்பக்கம், இறுக்கிப் பிடிக்கிற செக் நட் வெளியே. தண்ணீர் நிரப்பி, கீழே செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் தெரியும். ஒழுகினால் உடனே ஸ்பேனரை எடுக்காமல் முதலில் வாஷரைப் பாருங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் சிலிக்கான் பக்கவாட்டில் பிதுங்கி இன்னும் ஒழுகும்.